மதுரை முதல் குமரி வரை: இளைப்பாறிச் செல்வோம்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, "இவ்வாண்டு எங்கே போகலாம்?" என்பதுதான். இரண்டு மூன்று குடும்பங்கள் கூடிப் பேசுகின்றன. ஒரு வேன் அமர்த்தப்படுகிறது. புளியோதரையும் முறுக்கும் மூட்டை கட்டப்படுகின்றன. சேரும் இடத்தைப் பற்றியும், தங்கும் விடுதியைப் பற்றியும் மணிக்கணக்கில் ஆலோசனை நடக்கிறது. ஆனால், போகும் வழியைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. வழி என்பது எப்படியாவது கடந்து தீர வேண்டிய ஒரு தொல்லை என்றே பலரும் எண்ணுகின்றனர். "இரவு பத்து மணிக்குப் புறப்பட்டால் விடியும்போது போய்ச் சேர்ந்துவிடலாம், தூங்கிக்கொண்டே போகலாம், ஒரு நாள் மிச்சம்" என்று கணக்கிடுகின்றனர். இக்கணக்கில் விட்டுப்போன இரண்டு பொருள்களைப் பற்றியே இத்திங்கள் நாம் எழுத விரும்புகிறோம். ஒன்று, சாலை. மற்றொன்று, எல்லாரும் தூங்கும்போது தூங்காமல் இருக்க வேண்டிய ஒருவர்.

நம் தமிழ்நாட்டில் பயணத்திற்கு இனிய சாலைகள் பல உண்டு. ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வால்பாறையை அடையும் மலைப்பாதை ஒன்று. தேனியிலிருந்து கம்பம் நோக்கி, இருபுறமும் மலையும் நடுவே வயலுமாகச் செல்லும் பள்ளத்தாக்குச் சாலை மற்றொன்று. 1988-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தின்மேல் நின்று இருபுறமும் கடலைக் காண்பதற்கு ஈடான காட்சி அரிது. ஆயினும், நமக்கு மிக உகந்த சாலை எது என்று கேட்டால், மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் ஏறத்தாழ 245 கிலோமீட்டர் நெடுஞ்சாலையையே சொல்வோம். பங்குப் பணியின் நிமித்தமும், தியானங்களுக்கும் திருவிழாக்களுக்கும் சென்ற வகையிலும், இச்சாலையில் நாம் பலமுறை பயணம் செய்திருக்கிறோம். பேருந்தில் சென்றிருக்கிறோம், சுமையுந்தின் முன்னிருக்கையிலும் சென்றிருக்கிறோம். இன்றும் அது நமக்குச் சலிப்புத் தரவில்லை.

பழைய கணக்கில் இது வாரணாசியிலிருந்து குமரிக்கு வரும் ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை. 2010-ஆம் ஆண்டில் நாட்டின் நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் வகுக்கப்பட்டபோது, இது 44-ஆம் எண்ணைப் பெற்றது. இப்போது இது காஷ்மீரத்தின் ஸ்ரீநகரில் தொடங்கி, 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் குமரிக் கடலோரத்தில் முடிகிறது. இந்தியாவின் மிக நீளமான நெடுஞ்சாலை இதுவே. அதன் கடைசிப் பகுதியே நம் சாலை.

மங்கம்மாள் சாலை

இவ்வழி நேற்று இன்று தோன்றியதன்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மதுரை நாட்டைப் பேரனுக்காக ஆண்ட இராணி மங்கம்மாள், சாலைகள் அமைப்பதைத் தம் தலையாய அறமாகக் கொண்டவர். தென்பாண்டிச் சீமையில் பழைய வழிகள் பலவற்றை மக்கள் இன்றும் "மங்கம்மாள் சாலை" என்றே வழங்குகின்றனர். மதுரையிலிருந்து குமரி செல்லும் பெருவழியையும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். மதுரைத் தொடர்வண்டி நிலையத்திற்கு எதிரே அவர் பெயரால் நிற்கும் சத்திரத்தை நம் வாசகர் பலர் பார்த்திருப்பர்.

அக்காலத்துச் சாலை என்றால் வெறும் மண்தடம் மட்டுமன்று. இருபுறமும் நிழல் மரங்கள் நிற்கும். இடையிடையே கிணறும் தண்ணீர்ப் பந்தலும் இருக்கும். ஒரு நாள் நடை முடியும் இடத்தில் ஒரு சத்திரம் இருக்கும். இவை எல்லாவற்றினும் நம் நெஞ்சைத் தொடுவது சுமைதாங்கிக் கல். இரண்டு கற்களை நட்டு, தோளுயரத்தில் அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைத்திருப்பர். தலைச்சுமையோடு தனியே நடந்து வருபவர், பிறர் உதவியின்றித் தம் சுமையை அதன்மேல் சரித்து வைக்கலாம். சற்று இளைப்பாறியபின், மீண்டும் பிறர் உதவியின்றியே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய குடும்பத்தார் இக்கல்லை நடுவது தமிழகத்து வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, வழிப்போக்கர் எல்லாரும் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம் செய்தார்கள் நம் முன்னோர். மனிதனுக்குக் களைப்பு உண்டு என்பதை அறிந்தவர்கள் அமைத்த சாலை அது.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சாலை நான்கு வழிகளாக அகலப்படுத்தப்பட்டது. நடுவே தடுப்பும், ஊர்களுக்குப் புறவழிகளும் அமைந்தன. ஓரங்களில் நின்ற புளிய மரங்கள் பல வீழ்ந்தன. முன்னர் ஒரு பகல் முழுதும் எடுத்த தொலைவை இப்போது நான்கு மணி நேரத்தில் கடக்க இயலுகிறது. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோருக்கும், காய்கறியைச் சந்தைக்குக் கொண்டு செல்வோருக்கும் இது பெரிய நன்மை. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால், பழைய சாலை நம்மை ஆங்காங்கே நிறுத்தி இளைப்பாற்றியது. புதிய சாலை நிறுத்துவதில்லை. ஆதலின், இளைப்பாறுதலை இப்போது நாமே திட்டமிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கரிசல் வழி

காலை ஆறு மணிக்கு மதுரையை விட்டுப் புறப்படுவோமாக. திருமங்கலம் கடந்து கள்ளிக்குடியை நெருங்கும்போது நிலத்தின் நிறம் மாறத் தொடங்குவதைக் காணலாம். செம்மண் மெல்ல மறைந்து கரிய மண் விரிகிறது. இதுவே கரிசல் பூமி. மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும். வெயில் காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். பருத்தியும் உளுந்தும் கம்பும் சோளமும் விளையும் மானாவாரி நிலம். மலையும் சோலையும் மட்டுமே அழகு என்று எண்ணுவோருக்கு இது வெறும் பொட்டலாகத் தோன்றும். காலை வெயில் சாய்வாக விழும் வேளையில், உடைமரங்களின் நீண்ட நிழல் கரிய மண்ணின்மேல் கிடப்பதைப் பார்த்தவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள்.

விருதுநகர் வருகிறது. வற்றலும் மல்லியும் பருப்பும் எண்ணெயும் விலை பேசப்படும் வாணிக ஊர். நாளிதழ்களில் விருதுநகர்ச் சந்தை விலையைப் பார்க்காத மளிகைக் கடைக்காரர் அக்காலத்தில் இல்லை. 1903-ஆம் ஆண்டு காமராசர் பிறந்த வீடு இங்கே நினைவில்லமாக உள்ளது. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் புறவழியை விட்டு விலகி, அரை மணி நேரம் இங்கே செலவிடுவது தகும். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தவர் வளர்ந்த வீடு எவ்வளவு சிறியது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காணட்டும்.

அடுத்தது சாத்தூர். வைப்பாற்றின் கரையில் அமைந்த ஊர். ஆண்டின் பெரும்பகுதி ஆற்றில் மணலே ஓடும். ஆனாலும், வெள்ளரிப் பிஞ்சுக்கும் காராச்சேவுக்கும் பெயர் பெற்றது. முன்பெல்லாம் பேருந்து நின்றதும் வெள்ளரிப் பிஞ்சுக் கூடையோடு பெண்கள் சன்னல் ஓரத்திற்கு ஓடி வருவார்கள். புறவழியில் பறக்கும் ஊர்திகளைத் துரத்த அவர்களால் இயலாது. நாம்தாம் ஊருக்குள் சென்று அவர்களைத் தேடவேண்டும். நாம் அங்கே கொடுக்கும் சில ரூபாய்கள் அக்கூடைக்காரப் பெண்ணின் அன்றைய அடுப்பை எரிக்கும் என்பதை எண்ணினால், சுற்றுவழி பெரிதாகத் தோன்றாது.

கோவில்பட்டியின் வேப்ப நிழல்

மதுரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் கோவில்பட்டி. தீப்பெட்டித் தொழிலுக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர் பெற்ற ஊர். 2020-ஆம் ஆண்டில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வூரைப் பற்றி எழுதும்போது ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், நம் பங்கைச் சேர்ந்த சில குடும்பங்களோடு ஒரு வேனில் குமரிக்குச் சென்றோம். விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பாடு. பாட்டும் சிரிப்புமாக வேன் சென்றது. திருமங்கலம் தாண்டியதும் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உறங்கிவிட்டனர். நாம் முன்னிருக்கையில் இருந்தோம். சாத்தூரை நெருங்கும்போது வேன் மெல்ல இடப்புறம் ஒதுங்கி, சாலையோரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டிச் சரளையில் இறங்கியது. ஓட்டுநர் திடுக்கிட்டுத் திருப்பினார். முப்பது வயதுகூட நிரம்பாத இளைஞர் அவர்.

"தம்பி, நேற்று எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேட்டோம்.

"முந்தா நாள் வேளாங்கண்ணி, சாமி. நேத்து ராத்திரி பன்னிரண்டரைக்குத்தான் வண்டியைக் கொண்டாந்து விட்டேன். கழுவித் துடைச்சுட்டு அப்படியே வந்துட்டேன். பழகிப் போச்சு, சாமி."

கோடையிலும் முகூர்த்த மாதங்களிலும்தான் நடைகள் கிடைக்கும். நடைக்கு இவ்வளவு என்றுதான் பேட்டா. ஒரு நடையை மறுத்தால், அடுத்த நடைக்கு முதலாளி வேறொருவரை அழைப்பார். இவை எல்லாவற்றையும் அவர் குறையாகச் சொல்லவில்லை. ஊர் நடப்பாகவே சொன்னார். கோவில்பட்டிக்கு வெளியே ஒரு தேநீர்க் கடையின் அருகில் வேப்ப மரங்கள் நின்றன. அங்கே நிறுத்தச் சொன்னோம். பாயை விரித்துப் படுக்கச் சொன்னோம்.

வேனில் முணுமுணுப்பு எழுந்தது. பத்து மணிக்குள் குமரியில் இருந்தால்தான் படகுக்கு நெடுநேரம் நிற்காமல் போகலாம் என்றார் ஒருவர். முகம் கழுவி ஒரு தேநீர் குடித்தால் சரியாகிவிடும் என்றார் மற்றொருவர். அப்போது பின்னிருக்கையிலிருந்த வயது முதிர்ந்த தாய் ஒருவர், "பாறை எங்கேயும் ஓடிப்போகாது, அந்தப் பிள்ளை உறங்கட்டும். அவனைப் பெத்தவளும் வீட்டுல பார்த்துக்கிட்டுத்தானே இருப்பா" என்றார். அதற்குமேல் எவரும் பேசவில்லை.

ஓட்டுநர் மூன்று மணி நேரம் அசையாமல் உறங்கினார். அதற்குள் நம் பிள்ளைகள், அருகில் கடலைமிட்டாய் செய்யும் சிறிய கொட்டகை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டனர். வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலையைக் கொதிக்கும் வெல்லப் பாகில் கொட்டிக் கிளறுவதையும், பலகையில் பரப்பித் தேய்ப்பதையும், சூடு ஆறுவதற்குள் துண்டு போடுவதையும் அவர்கள் வாய் பிளந்து பார்த்தனர். அங்கிருந்தவர்கள் பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு துண்டு வைத்தனர். காசு வாங்க மறுத்துவிட்டனர். ஊர் திரும்பியபின் மறைக்கல்வி வகுப்பில் அப்பயணத்தைப் பற்றிக் கேட்டபோது, பிள்ளைகளில் பெரும்பாலோர் சொன்னது அந்தக் கொட்டகையைப் பற்றித்தான். எழுந்த ஓட்டுநர் முகம் கழுவிக்கொண்டு வந்து, "வீட்டில்கூட இப்படித் தூங்கி நாளாச்சு, சாமி" என்றார். அன்று மாலைக்குள் அவர் நம்மைப் பத்திரமாகக் குமரியில் சேர்த்தார்.

இது சிறிய செய்தி போலத் தோன்றலாம். கணக்கிட்டுப் பார்த்தால் சிறியதன்று. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தி ஒரு வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுபவர் நான்கு வினாடி கண்ணயர்ந்தால், ஏறத்தாழ 90 மீட்டர் தொலைவுக்கு அவ்வூர்தியை நடத்துபவர் எவரும் இல்லை. மனித உடலுக்குத் தூக்கம் மிகுதியாக வரும் வேளைகள் இரண்டு: பின்னிரவு இரண்டு மணி முதல் விடியும் வரை, அடுத்தது நண்பகல் உணவுக்குப் பின் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை. மன உறுதியால் இதை வென்றுவிடலாம் என்பது வீண் நம்பிக்கை. தேநீரும் குளிர்ந்த நீரும் சிறிது நேரமே கைகொடுக்கும். தூக்கத்திற்கு மருந்து தூக்கம் ஒன்றே.

ஓட்டுநர்களின் களைப்பைச் சட்டமும் அறியாமலில்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்திற்கு மேல் வேலை கூடாது என்றும், ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றும் வகுத்தது. ஆனால், ஐந்து தொழிலாளராவது உள்ள நிறுவனங்களுக்கே அச்சட்டம் பொருந்துவதாயிற்று. ஒன்றிரண்டு வேன்களை வைத்துப் பிழைப்பவரின் ஓட்டுநர் அதன் நிழலுக்கு வெளியே நின்றார். அவருக்கு நிழல் தர வேண்டியவர்கள் அந்த வேனை அமர்த்தும் நாம்தாம்.

கயத்தாறு முதல் பொருநை வரை

கோவில்பட்டியைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் இடைசெவல் என்னும் சிற்றூர். கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துபோகும் ஒரு பெயர்ப்பலகை. ஆனால், கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என்னும் இரு பெரும் எழுத்தாளர்கள் பிறந்து, நண்பர்களாக வளர்ந்த ஊர் இது. இருவருமே சாகித்திய அகாதமி விருது பெற்றவர்கள். கோவில்பட்டியிலிருந்து கிழக்கே பிரிந்து சென்றால், 1882-ஆம் ஆண்டு பாரதியார் பிறந்த எட்டயபுரம். மேற்கே, வீரமாமுனிவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டி. நீர்வளம் குன்றிய இக்கரிசல் மண் தமிழுக்கு இத்தனை வளத்தைத் தந்திருப்பது வியப்புக்குரியதன்றோ!

கயத்தாற்றில் வீரபாண்டியக் கட்டபொம்மனின் நினைவிடம் சாலையோரத்திலேயே உள்ளது. 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் இங்கே ஒரு புளிய மரத்தில் அவன் தூக்கிலிடப்பட்டான். அங்கே சற்று நின்று, பிள்ளைகளுக்கு அவ்வரலாற்றைச் சொல்லிச் செல்வோம்.

கங்கைகொண்டானை நெருங்கும்போது மெல்லச் செல்க. 2013-ஆம் ஆண்டு புள்ளிமான் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இங்கே உள்ளது. அதைக் கடந்தால் காற்றே மாறிவிடும். பசுமை தொடங்கும். தாமிரபரணியின் நாடு இது. பொதிகையில் பிறந்து, நம் மாநிலத்திற்குள்ளேயே ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் இவ்வாற்றைப் பொருநை என்று நம் முன்னோர் போற்றினர்.

விரைந்து செல்வோர் புறவழியில் ஆற்றைக் கடந்துவிடுவர். நேரம் உள்ளவர்கள் நகருக்குள் சென்று, திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் பழைய பாலத்தைக் காண வேண்டும். ஒரு காலத்தில் இங்கே ஆற்றைக் கடக்க ஓடத்தையே நம்பியிருந்தனர் மக்கள். அரசுப் பணியில் இருந்த சுலோசன முதலியார், தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு இப்பாலத்தைக் கட்டுவித்தார். 1843-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பாலம் இன்றும் அவர் பெயரால் வழங்கி, அன்றாடம் ஆயிரக்கணக்கானோரைச் சுமக்கிறது. பாலம் கட்டுவதும், சுமைதாங்கி நடுவதும், களைத்தவனுக்குப் பாய் விரிப்பதும் ஒரே அறத்தின் பல வடிவங்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.

மலையும் காற்றும்

நெல்லையைத் தாண்டி, ரெட்டியார்பட்டியில் குன்றைப் பிளந்து செல்கிறது சாலை. இதிலிருந்து ஆரல்வாய்மொழி வரை உள்ள பகுதியே இப்பயணத்தின் சிகரம். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி என்று செல்லச் செல்ல, வலப்புறத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை நெருங்கி வருகிறது. முதலில் நீல நிழலாகத் தெரிந்த மலை, பணகுடியில் பாறையும் மடிப்பும் தெரியும்படி அருகில் வந்து நிற்கிறது. மகேந்திரகிரி என்னும் உயர்ந்த முகடு இங்கேதான் உள்ளது. அதன் அடிவாரத்தில் விண்வெளிக் கலங்களின் இயந்திரங்களைச் சோதித்துப் பார்க்கும் நிலையம் இயங்குகிறது. மாலை நான்கு மணிக்குமேல், வெயில் மலைக்குப் பின்னே இறங்கும் வேளையில், இப்பகுதியைக் கடப்பவர்கள் பேறு பெற்றவர்கள். இரவில் கடப்பவர்கள் எதிரே வரும் விளக்குகளைத் தவிர வேறொன்றையும் காண்பதில்லை.

காவல்கிணற்றில் வழி இரண்டாகப் பிரிகிறது. இடப்புறம் நேரே குமரிக்குச் செல்கிறது. வலப்புறம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே நாகர்கோவிலுக்குச் செல்கிறது. நேரம் இருந்தால் வலப்புறமே செல்க. மலைத்தொடர் இங்கே ஓர் இடைவெளி விட்டிருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இவ்விடைவெளியில் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. அதனால்தான் முப்பந்தலைச் சுற்றிலும் காற்றாலைகள் காடுபோல் நிற்கின்றன. பார்க்க இனிய இக்காற்று பயணத்தில் கவனத்திற்குரியது. கூரையில் மூட்டைகளை ஏற்றிய வேனை அது பக்கவாட்டில் தள்ளும். இருசக்கர ஊர்தியில் செல்வோரைத் தடுமாறச் செய்யும். ஆடி மாதத்தில் இங்கே வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை இக்கணவாயே இரு மாநிலங்களின் எல்லை வாயில். அதற்கு அப்பால் திருவிதாங்கூர் நாடு. இங்கே காற்றாடி மலையில்தான் 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் மறைச்சாட்சி தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் அவர் புனிதராக உயர்த்தப்பட்டதை நம் இல்லங்கள் அறியும். சிறைப்பட்டவராக அவர் நடத்திச் செல்லப்பட்ட வழிகள் இப்பகுதியைச் சேர்ந்தவை. மலையேறிச் செபிக்க விரும்புவோர் அதற்கென நேரம் ஒதுக்கிக்கொள்ளட்டும்; ஓட்டுநருக்கும் அது ஓய்வு நேரமாகும்.

கணவாயைக் கடந்ததும் தோவாளை. விடியுமுன்பே பூச்சந்தை கூடும் ஊர். பிச்சியும் மல்லிகையும் அரளியும் மூட்டை மூட்டையாக வந்து குவியும். காய்ந்த கரிசலில் தொடங்கிய பயணம், வாழையும் தென்னையும் குளங்களும் நிறைந்த நாஞ்சில் நாட்டிற்குள் நுழைந்துவிட்டது. ஒரே பகலில் இத்தனை நிலங்களைக் காட்டும் வேறு சாலையை நாம் அறியோம்.

சாலை முடியும் இடம்

குமரி முனையைப் பற்றி நாம் மிகுதியாக எழுதத் தேவையில்லை. 1970-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட விவேகானந்தர் பாறை நினைவகம், 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பட்ட 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை, 2024-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்விரண்டையும் இணைத்த கண்ணாடிப் பாலம் ஆகியவற்றை வாசகர்கள் அறிவர். அலங்கார உபகார மாதா ஆலயத்தின் வெண்கோபுரத்தைத் தொலைவிலேயே காணலாம். பகலில் பயணம் செய்து மாலையில் வந்து சேர்பவர்கள், அன்று சூரியன் மறைவதையும், நன்றாக உறங்கி எழுந்து மறுநாள் அது உதிப்பதையும் காணலாம். இரவெல்லாம் ஓடி விடியலில் வந்து இறங்குபவர்களோ, சிவந்த கண்களோடு உதயத்தைப் பார்த்துவிட்டு, பகல் முழுதும் விடுதியில் உறங்குகின்றனர். மிச்சப்படுத்திய நாள் எங்கே போயிற்று?

இக்கோடையில் வேன் அமர்த்தவிருக்கும் இல்லங்களுக்குச் சில சொற்கள். வாடகை பேசும்போதே, "ஓட்டுநர் முந்தின இரவு உறங்கியிருக்க வேண்டும்" என்பதை ஒரு நிபந்தனையாகச் சொல்லுங்கள். விடிந்தபின் புறப்பட்டு, இருட்டுமுன் தங்குங்கள். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை கட்டாயம் நிறுத்துங்கள். உணவு வேளையில் முதல் இலையை ஓட்டுநருக்குப் போடுங்கள். உண்டபின் அரை மணி நேரம் அவர் சாய்ந்திருக்கட்டும். முன்னிருக்கையில் விழித்திருந்து பேச்சுத் துணையாக வரக்கூடிய ஒருவரை அமர்த்துங்கள். விடுதியில் உங்களுக்கு அறை பேசும்போது, அவருக்கும் ஒரு படுக்கை பேசுங்கள்; வேனின் இருக்கையில் மடங்கிக் கிடந்தவர் மறுநாள் உங்கள் பிள்ளைகளைச் சுமக்க வேண்டியவர். ஒரு நாள் கூடுதல் வாடகை ஆகுமே என்று தயங்க வேண்டா. பயணத்தில் குறைக்கக்கூடிய செலவுகள் பல உண்டு. இது அவற்றுள் ஒன்றன்று.

சாலையோரத்தில் வாழ்பவர்களையும் மறவாதீர்கள். நமக்கு ஒரு நொடியில் கடந்துபோகும் ஊர், அவர்களுக்குப் பிறந்து வளர்ந்த ஊர். ஆட்டுமந்தையை ஓட்டிக்கொண்டு நான்கு வழிகளையும் கடக்கக் காத்திருக்கும் முதியவரும், மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் சிறுமியும், சாலைக்கு நம்மைவிட முந்திய உரிமை உடையவர்கள். ஊர்ப்பெயர்ப் பலகையைக் கண்டதும் வேகத்தைக் குறைக்கும்படி சொல்ல வேனில் உள்ள எவருக்கும் உரிமை உண்டு.

மகிழ்ச்சியோடு புறப்பட்டவர்களைக் கல்லறைத் தோட்டத்தில் எதிர்கொள்ளும் கடமை, பங்குக் குருக்களாகிய நமக்குச் சில வேளைகளில் வாய்த்துவிடுகிறது. அவ்வீட்டாரில் எவரும், "இன்னும் விரைவாகப் போயிருக்கலாமே" என்று வருந்தியதை நாம் கேட்டதில்லை. "கொஞ்சம் நின்று போயிருக்கலாமே" என்று அழுததையே கேட்டிருக்கிறோம்.

சுமைதாங்கிக் கற்கள் இன்று சாலையோரங்களில் அருகிவிட்டன. சில சாய்ந்தன, சில மண்ணில் புதைந்தன. ஆனால், அவற்றை நட்ட மனம் நம்மிடம் இருக்கலாம். இக்கோடையில் எங்கேனும் ஒரு வேப்ப நிழலில் ஊர்தியை நிறுத்தி, நம்மைச் சுமந்து வருபவரைச் சற்று இளைப்பாறச் செய்வோமாக. வாசக இல்லங்கள் அனைத்திற்கும் பயணம் இனிதாகுக!